எழுபத்திரண்டு

பாதி மரத்தில் செயின் அறுந்தது.
பெங்களூரா மாமரம், ஒருத்தர் கைக்கு அடங்காத இடுப்பு.
திப்பேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை,
சட்டைப் பித்தான் ஒன்று தெறித்ததோடு சரி.
விறகு லாரி நாலு மணிக்கு வரும்.
மிஷின் என் பேரில், அதன் கடனும் என் பேரில்.
நெடுங்கல்லில் பஸ் ஏறியது நான்தான்.

‘பதினெட்டு இன்ச்சுன்னு கேளுக்கா, குடுத்துடுவாங்க.’

மடியில் செய்தித்தாள் சுற்றிய பார்.
மஞ்சப்பையில் செயின்,
எண்ணெயும் மரத்தூளும் குழைந்து
பையின் அடியில் கறுப்பாய் ஊறியது.
பக்கத்து சீட்டுக்காரம்மா புடவையை
என் பக்கமிருந்து இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பழையபேட்டையில் இம்தியாஸ் கடை.
பதினெட்டு இன்ச் என்றேன்.
மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தார்.
மூன்றிலும் பதினெட்டு.
‘இதுல எது உங்களுது?’

முப்பத்தெட்டு என்று சொன்னதும்
ரவிக்கை பொருந்திவிடுமா,
தோளும் கைச்சுற்றும் சொல்லாமல்?
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாரில் அடித்திருந்த எண் தேய்ந்துவிட்டது.
ஓசூரில் இரண்டாங்கையாக வாங்கிய மிஷின்.
கூட வந்த புத்தகம் ஒன்று சொல்கிறது,
முந்தைய ஆள் மாற்றிப் போட்ட பார் வேறொன்று சொல்கிறது.
இம்தியாஸ் புத்தகத்தை வாங்கி
விசிறிக்கொண்டார்.

அடுத்தடுத்து மூன்று ரிவெட்.
முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
பதினாறரை மில்லிமீட்டர்.
அதில் பாதி எட்டேகால், அதுதான் பிச்.
பெரிய பல் டப்பா அலமாரிக்குத் திரும்பியது.
அது பாரின்மேல் அழகாக உட்காரும்,
ஸ்ப்ராக்கெட்டில் மட்டும் ஏறாது.

பாரின் பள்ளத்தில் ஒரு ரூபாயைச் செருகினார்.
வழுக்கிக்கொண்டு இறங்கியது.
பள்ளம் தேய்ந்தும் இருக்கலாம் என்று
பழைய செயினின் காலுக்கும் வெர்னியர் வைத்தார்.
ஒன்றரை.
‘ஒண்ணு மூணு போட்டிருந்தா உள்ள ஆடும்மா,
மரம் கோணையா அறுபடும்.’
இரண்டாவது டப்பாவும் போனது.

மிச்சம் ஒன்று. அதில் எழுபத்திரண்டு கால்.
‘உங்களுத எண்ணிடுங்க’ என்று
அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்கப் போனார்.

கவுண்டரில் பரப்பி எண்ணினேன்.
எழுபத்தொன்று.
மறுபடியும்.
எழுபத்தொன்று.
பொட்டு எடுத்து முதல் காலில் ஒட்டி,
விரல் வைத்து, வாய்விட்டு எண்ணினேன்.
ஆணி வாங்க வந்தவரும் கூடச் சேர்ந்து எண்ணினார்.
எழுபத்தொன்று.

‘எழுபத்தொண்ணுல நான் வித்ததே இல்லையே.’
அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒரு பக்கம் ரிவெட் பிய்ந்த துளை.
மறுபக்கமும் அப்படியே.
நடுவில் இருந்தது இல்லை.
‘ஒண்ணு பறந்திருக்கு.
எழுபத்திரண்டுதான், எடுத்துட்டுப் போங்க.’

பணம் கொடுத்தேன். சில்லறை எண்ணவில்லை.

பஸ்ஸில் சையத் பாஷா மலை பின்னால் போனபிறகுதான்
அந்தப் பித்தான் நினைவுக்கு வந்தது.
நகத்தளவு இரும்பு.
எத்தனை வேகம் என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது.
கண்டக்டர் இரண்டு முறை கேட்டிருக்கிறார்,
எங்கே இறங்கணும் என்று.

வந்து பார்த்தால்
பாதி அறுத்த மரத்தின் நிழலிலேயே
மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
டிராக்டர் கயிறு ஒன்றுதான் பிடித்திருக்கிறது அதை.
நான் போட்ட சத்தத்தில்
சாக்கப்பன் டிபன் மூடி வரப்புவரை உருண்டது.

புதுசை மாட்டினோம்.
மேல்பக்கப் பல் நுனியை நோக்கி நிற்கிறது.
இழுத்தால் ஓடுகிறது, விட்டால் தொங்கவில்லை.
ஒரு கால்கூட அதிகமில்லை, குறைவுமில்லை.

திப்பேசன் மிஷினைத் தூக்கினான்.
நெஞ்சுக்கு நேரே, பித்தான் இருந்த இடத்தில்
வெள்ளை நூல் ஒன்று
காற்றுக்கு ஆடியது.

‘அந்தச் சட்டைய மாத்திட்டு வா.’
‘எதுக்குக்கா, லாரி வந்துரும்.’
‘வரட்டும்.’